ஆறே நாளில் எழுந்த மண்கோட்டை

அருப்புக்கோட்டை, திருச்சுழி என்னும் ஊர்களைச் சூழ்ந்த நிலம் வானம் பார்த்த பூமியாகும். அங்கிருந்து தெற்கே விளாத்திகுளம், ஒட்டப்பிடாரம் வரையில் கரிசலும் செம்மண்ணும் மாறி மாறி வரும். பருத்தியும் கம்பும் சோளமும் அந்நிலத்தின் விளைவு. முள்மரங்களே அதன் வேலி. உயர்ந்த மலையோ வற்றாத ஆறோ அதற்குக் காவலாக அமையவில்லை. ஆதலால், அங்கு ஆண்ட பாளையக்காரர் பலர் தம் காலடியில் கிடந்த மண்ணையே அரணாக்கிக் கொண்டனர். அந்த மண் ஒருமுறை ஆங்கிலேயரின் பீரங்கிகளைத் திகைக்கச் செய்தது.

பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரரான வீரபாண்டிய கட்டபொம்மன் 1799ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய கோட்டையைக் கும்பினியார் இடித்துத் தரைமட்டமாக்கினர். அவருடைய தம்பியராகிய ஊமைத்துரையும் செவத்தையாவும் பாளையங்கோட்டையில் சிறை வைக்கப்பட்டனர். ஊமைத்துரை வாய் பேச இயலாதவர். சைகையாலேயே படை நடத்தியவர். அவர் கையசைவை வீரர்கள் ஆணையாக ஏற்றனர்.

1801ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் மாலை, ஆங்கில அதிகாரிகள் மேஜர் மெக்காலேயின் இல்லத்தில் விருந்துண்டு கொண்டிருந்தனர். அவ்வேளையில் சிறைப்பட்டோர் காவலரை மடக்கித் தப்பினர். மெக்காலே சுற்றுப்புறங்களில் இருந்த படைகளைத் திரட்டிக்கொண்டு பிப்ரவரி 9ஆம் நாள் பாஞ்சாலங்குறிச்சியை அடைந்தார். இடிபாடுகளை எதிர்பார்த்து வந்த படையினர் கண்டது வேறு. புதிய மதில் ஒன்று முழுமையாக எழுந்து நின்றது; அதன்மேல் ஏறத்தாழ 1,500 வீரர்கள் காவல் புரிந்தனர். தரைமட்டமான கோட்டை ஆறே நாளில் மீண்டும் எழுந்துவிட்டது! அத்துணை மண்ணை வெட்டிக் குழைத்துச் சுமந்தேற்றுதல் ஒரு படையால் மட்டும் இயலும் செயலன்று. ஊரே திரண்டிருத்தல் வேண்டும். பெரும்படை இன்றித் தாக்குதல் தகாது என உணர்ந்த மெக்காலே மறுநாளே பின்வாங்கினார்.

அப்போரில் கலந்துகொண்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரி, 1830இல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில் அக்கோட்டையை விளக்கியுள்ளார். அதன் நீளம் ஏறக்குறைய 500 அடி. அகலம் 300 அடி. மதிலின் உயரம் 12 அடியே. அகழி இல்லை, சுற்றிலும் அடர்ந்த முள்வேலி உண்டு. சுவர் முழுவதும் இறுகிப் பற்றும் மண்ணால் ஆனது. காண்பதற்கு எளிய இக்கோட்டையின் வலிமை அம்மண்ணிலேயே இருந்தது. கல் மதிலில் குண்டு பாய்ந்தால் கல் உடையும். அதனோடு அடுத்த கல்லும் பெயரும். மண் மதிலிலோ குண்டு புதைந்துபோகும்; அதன் விசை மண்ணுக்குள்ளேயே அடங்கிவிடும். உதிர்ந்த இடத்தை இரவோடு இரவாகப் பூசி அடைத்தலும் எளிது.

மார்ச் 31ஆம் நாள் மெக்காலே பெரும்படையுடன் மீண்டும் வந்தார். காலை தொடங்கிப் பிற்பகல் வரையில் பீரங்கிகள் முழங்கின. மதிலில் பிளவு உண்டாயிற்று. ஆங்கிலேய வீரர் அஞ்சாமல் அதன் உச்சிக்கு ஏறினர். ஆயினும் ஏறியவர் எவரும் அங்கு நிலைத்து நிற்க இயலவில்லை. கொத்தளங்களின் உட்புறம் குடைவாக இருந்தது. அக்குடைவில் மறைந்து நின்றவர்கள் 18 அடிக்குக் குறையாத நீண்ட ஈட்டிகளால் மேலேறியவரைக் குத்தித் தள்ளினர். மேலே நின்றவருக்குத் தம்மைத் தாக்குவோர் முகமே தெரியவில்லை. அன்று கும்பினிப் படையில் இறந்தவரும் புண்பட்டவரும் 300 பேருக்கும் மேலாவர்.

பின்னர்க் கர்னல் அக்னியூ புதிய படைகளோடும் பெரும் பீரங்கிகளோடும் வந்து சேர்ந்தார். மே 24ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது. எஞ்சிய வீரர்கள் அணி குலையாமல் வெளியேறினர். குதிரைப்படை அவர்களைத் துரத்திச் சென்று தாக்கியது. ஊமைத்துரை புண்பட்டு வீழ்ந்தார். களத்தில் தன் மகனைத் தேடி வந்த தாய் ஒருத்தி, உயிர் ஊசலாடும் நிலையில் அவனைக் கண்டாள். அவனோ, தன்னை விட்டு அருகில் கிடக்கும் தலைவரைக் காக்குமாறு வேண்டினான். அவள் அவ்வாறே செய்தாள். எட்டயபுரத்து வீரர்கள் தேடி வந்தபோது, ஊமைத்துரையைத் துணியால் மூடி, அம்மையால் இறந்த பிள்ளை என்று சொல்லிப் பெண்கள் அழுதனர். அம்மை என்ற சொல்லைக் கேட்டதும் வந்தவர் ஓடிவிட்டனராம். இச்செய்தியைப் பகைவர் தரப்பினரான வெல்ஷே எழுதி வைத்தது குறிப்பிடத்தக்கது.

புண் ஆறுமுன்பே ஊமைத்துரை வடக்கு நோக்கிச் சென்று, திருச்சுழிக்குக் கிழக்கே குண்டாற்றங்கரையில் உள்ள கமுதியை அடைந்தார். சிவகங்கையின் மருது சகோதரர்கள் அவரை வரவேற்றுச் சிறுவயலுக்கு அழைத்துச் சென்றனர். அதனால் போர் மேலும் சில திங்கள் நீடித்தது. இறுதியில் அவ்வாண்டு நவம்பர் 16ஆம் நாள் ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிடப்பட்டார். கும்பினியார் கோட்டையை மறுபடியும் இடித்து, அந்நிலத்தை உழுது ஆமணக்கு விதைத்தனர். இன்று அங்குக் காணப்படும் கோட்டை, 1974ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசு எழுப்பிய நினைவுச் சின்னம். அதன் அண்மையில், மதிலேறி மாண்ட ஆங்கிலேய வீரரின் கல்லறைகள் உள்ளன.