முத்துசாமியும் பிரெஞ்சு இலக்கணமும்: தொடக்கநிலைப் பாடம்

கோடியக்கரையில் இருந்து பேசுறேன். பிரெஞ்சை எங்கேயிருந்து தொடங்குறதுன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. வழக்கமான பாடப்புத்தகம் பாரிஸ் ரயில் நிலையத்தில் தொடங்கும். நாம நம்ம ஊர்ப் பக்கத்துலேயே தொடங்கலாம்.

இங்கிருந்து வேதாரண்யம், நாகப்பட்டினம் தாண்டி வடக்கே போனா காரைக்கால். 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போன ஊர். 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு முடிந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். 1848-ல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறை ஒழிஞ்ச பிறகு, கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. காரைக்கால், புதுச்சேரி துறைமுகங்கள் வழியா ஆயிரக்கணக்கான தமிழர்கள் ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் தீவுகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினார்கள். டெல்டா கிராமங்களில் இருந்து போனவர்களும் அதில் உண்டு.

அவங்க பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இன்னைக்கு வேர் தேடி வர்றாங்க. தீமிதி இருக்கு, மாரியம்மன் இருக்கு. பெரும்பாலும் தமிழ்ப் பேச்சு இல்லை. கையில் ஒரு பழைய பிரெஞ்சுப் பதிவுத்தாள். அதை நாம சரியா வாசிச்சா ஒரு குடும்பத்துக்கு ஊர் கிடைக்கலாம். தப்பா வாசிச்சா, இல்லாத பெயரைக் கிராமம் கிராமமாக் கேட்டுக்கிட்டுத் திரியணும். அதனால இன்றைய பாடத்துக்கு அந்தத் தாளையே வெச்சுக்குவோம்.

முதலில் எழுத்து. குவாதலூப்பில் பரவலா இருக்கிற ஒரு குடும்பப்பெயர்: எம், ஓ, யு, டி, ஓ, யு, எஸ், எஸ், ஏ, எம், ஒய். ஆங்கிலப் பழக்கத்தில் வாசிச்சா 'மவுட்டவுசாமி'ன்னு ஏதோ வரும். பிரெஞ்சில் 'ஓ'வும் 'யு'வும் சேர்ந்தா 'உ' ஒலி. இப்போ வாசிங்க: முத்துசாமி! ஏன் ரெண்டு 'எஸ்'? இரண்டு உயிரெழுத்துக்கு நடுவில் ஒற்றை 'எஸ்' வந்தா 'ரோஸ்' கடைசியில் வர்ற மாதிரி அதிர்கிற ஒலி ஆயிடும். 'சாமி' சாமியாவே இருக்கத்தான் எழுத்தர் ரெண்டு போட்டிருக்கார். இந்த இரண்டு விதி தெரிஞ்சாலே பாதிப் பெயர்கள் தமிழுக்குத் திரும்பிடும். காரைக்கால் பக்கத்து நெடுங்காட்டையும் பிரெஞ்சில் இந்த 'ஓ-யு' போட்டுத்தான் எழுதினாங்க.

அடுத்து, பால். தமிழில் ஆண்பால், பெண்பால் எல்லாம் உயர்திணைக்கு மட்டும்தான். பிரெஞ்சில் அஃறிணையே கிடையாது. உப்பு ஆண், கடல் பெண். 'லெ செல்', 'லா மேர்'. படகு ஆண், 'லெ பத்தோ'. காரணம் தேடாதீங்க, சொல்லைப் படிக்கும்போதே 'லெ', 'லா'வோட சேர்த்து மனப்பாடம் பண்ணிடுங்க. இன்னொரு விஷயம்: 'அவனுடைய படகு', 'அவளுடைய படகு' ரெண்டுக்கும் 'சோன் பத்தோ'தான். சொந்தக்காரர் ஆணா பெண்ணான்னு பார்க்கிறது தமிழ். சொத்து ஆணா பெண்ணான்னு பார்க்கிறது பிரெஞ்சு.

இது நம்ம தாளில் எங்கே உதவும்? 'பிறந்தவர்' என்பதற்கு 'நே'ன்னு எழுதியிருப்பாங்க. பெண்ணா இருந்தா கடைசியில் ஒரு 'ஈ' கூடுதலா இருக்கும். காதில் வித்தியாசமே தெரியாது, கண்ணுக்குத்தான் தெரியும். பெயர் மங்கிப்போன தாளில், கப்பலேறினது தாத்தாவா பாட்டியான்னு அந்த ஒரு எழுத்து சொல்லிடும். அதே மாதிரி 'ஃபீஸ்' என்றால் மகன், 'ஃபீய்' என்றால் மகள்.

மூன்றாவது, வினை. இங்கே தமிழ் நமக்குக் கை கொடுக்கும். பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறோம்னு விகுதி மாறுவது நமக்குப் புதுசில்லை. பிரெஞ்சிலும் மாறும்: 'ழெ பார்ல்' நான் பேசுகிறேன், 'நூ பார்லோன்' நாங்கள் பேசுகிறோம். (பிரெஞ்சின் 'ஜெ' எழுத்தைத் தமிழில் 'ழ' போட்டு எழுதுறது வழக்கம். ஒலி நம்ம 'ழ' இல்லை, கேட்டுப் பழகுங்க.) ஆனா ஒரு வேறுபாடு. நாம 'வந்தேன்'னா போதும், 'நான்' வேண்டாம். பிரெஞ்சில் நான், நீ, அவன், அவர்கள் என்ற நாலுக்கும் 'பார்ல்' ஒரே மாதிரிதான் ஒலிக்கும். அதனால யாருன்னு முன்னாடி சொல்லியே ஆகணும்.

நாலாவது, எண். பழைய பதிவுகளில் ஆண்டை எழுத்தால் எழுதுவாங்க. 73 என்பது '60-13'. 80 என்பது 'நாலு இருபது', 90 என்பது 'நாலு இருபது பத்து'. 1893-ஐ வாசிக்க 'நாலு இருபது'க்கு அப்புறம் 13 கூட்டணும். 'நாலு இருபது'ன்னு பார்த்ததும் 80-ன்னு நிறுத்திட்டா, 13 வருஷம் தள்ளித் தேடிக்கிட்டிருப்போம்.

கடைசியா மரியாதை. நீ, நீங்கள் என்பதற்கு 'து', 'வூ' இருக்கு. முதல் சந்திப்பில் எல்லாருக்கும் 'வூ' போட்டுடுங்க; 'து'ன்னு கூப்பிடச் சொல்லி அவங்களே சொல்லட்டும். கடைக்குள்ள நுழைஞ்சா, பேருந்தில் ஏறினா, வழி கேட்டா, முதல் வார்த்தை 'போன்ழூர்'. நாம தெரிஞ்சவங்களுக்கு வணக்கம் சொல்வோம். டீக்கடையில் நேரா 'ஒரு டீ'தான். பிரான்சில் அப்படிக் கேட்டா முரட்டு ஆள்னு நினைச்சுடுவாங்க. விடைபெறும்போது 'ஓ ர்வார்'. போயிட்டு வர்றேன்னு நாம சொல்ற மாதிரிதான், மறுபடி பார்ப்போம்னு பொருள்.

வீட்டுப்பாடம்: உங்க தாத்தா, பாட்டி பெயர்களை 'ஓ-யு', இரட்டை 'எஸ்' விதிப்படி பிரெஞ்சில் எழுதிப் பாருங்க. உங்க வீட்டில் கப்பலேறிப் போனவங்க பத்தி ஏதாவது பேச்சு இருந்தா, பெரியவங்க இருக்கும்போதே பெயரையும் ஊரையும் கேட்டு எழுதி வெச்சுக்குங்க. அந்தப் பெயரைக் கடலுக்கு அப்பால இருந்து யாராவது தேடிட்டு வரலாம். அடுத்த பகுதியில் இறந்தகாலம் பார்ப்போம். ஓ ர்வார்!