திருட்டுக் காணொளித் துணுக்குகளின் மறுவிற்பனை

ஒருவர் எடுத்த காணொளியை அவரது அனுமதியின்றிப் பதிவிறக்கி, சிறு துண்டுகளாக வெட்டி, தன்னுடையது என்று கூறி இருப்புக் காணொளித் தளங்களில் விற்பது பதிப்புரிமை மீறலின் ஒரு வகையாகும். புதிய திரைப்படம் ஒன்றைத் திருட்டுத்தனமாக இணையத்தில் வெளியிடும்போது, அந்தப் படம் யாருடையது என்பது பார்ப்பவருக்குத் தெரியும். துணுக்குத் திருட்டில் படைப்போடு படைத்தவரின் பெயரும் மறைக்கப்படுகிறது. வாங்குபவர் முறையாகப் பணம் செலுத்துகிறார். ரசீதும் உரிமமும் பெறுகிறார். பணம் மட்டும் உரியவரைச் சேர்வதில்லை.

இருப்புக் காணொளிச் சந்தை

விளம்பரம், ஆவணப்படம், நிறுவன அறிமுகப் படம் போன்றவற்றுக்குக் கடல் அலை, நகர நெரிசல், மலைமேல் பறக்கும் ட்ரோன் காட்சி எனப் பல பொதுக் காட்சிகள் தேவைப்படுகின்றன. ஒவ்வொன்றையும் புதிதாகப் படம்பிடிப்பதற்குப் பதிலாக, முன்பே எடுக்கப்பட்ட காட்சிகளை உரிமம் பெற்றுப் பயன்படுத்துவது வழக்கம். ஸ்டாக் ஃபுட்டேஜ் எனப்படும் இருப்புக் காணொளிகள் இவையே.

இணையம் வருவதற்கு முன் இத்தொழில் சில முகவர் நிறுவனங்களின் கையில் இருந்தது. 2000இல் ஐஸ்டாக், 2003இல் ஷட்டர்ஸ்டாக், 2006இல் பாண்ட் ஃபைவ் ஆகியவை தொடங்கப்பட்டபின், உலகின் எந்த மூலையில் இருப்பவரும் தம் படைப்பை விற்பனைக்கு வைக்க முடிந்தது. அடோபி நிறுவனம் 2015இல் ஃபோட்டோலியா தளத்தை வாங்கி, அதன் அடிப்படையில் அடோபி ஸ்டாக்கை அமைத்தது. 2022இல் ஷட்டர்ஸ்டாக் நிறுவனம் பாண்ட் ஃபைவ் தளத்தை 21 கோடி டாலருக்கு வாங்கியது.

இத்தளங்களில் ஒருவர் பங்களிப்பாளராகப் பதிவு செய்து, காணொளிகளைப் பதிவேற்றி, தலைப்பும் குறிச்சொற்களும் தருகிறார். பரிசோதனைக்குப் பின் அவை விற்பனைக்கு வருகின்றன. விற்பனைத் தொகையில் ஒரு பங்கு பங்களிப்பாளருக்குச் சேரும். ஷட்டர்ஸ்டாக் 2020 ஜூன் முதல் 15 முதல் 40 விழுக்காடு வரையிலான படிநிலைகளை வைத்திருக்கிறது. அடோபி ஸ்டாக் காணொளிகளுக்கு 35 விழுக்காடு தருகிறது. ராயல்டி இல்லா உரிமம் என்ற முறையில் ஒரே துணுக்கை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். ஒருமுறை திருடியதைப் பலமுறை விற்க இம்முறை இடம் தருகிறது.

திருட்டு நடக்கும் வழிகள்

முதல் வழி, யூடியூப், விமியோ, இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களிலிருந்து எடுப்பது. ஐந்து நிமிடப் பயணக் காணொளி ஒன்றைப் பத்துப் பதினைந்து வினாடித் துண்டுகளாக வெட்டினால் இருபதுக்கும் மேற்பட்ட தனித்தனிச் சரக்குகள் கிடைத்துவிடும். பெயரோ நீர்க்குறியோ இருக்கும் ஓரம் வெட்டி நீக்கப்படும். கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாகத் திருப்புதல், வேகத்தைக் குறைத்தல், நிறத்தை மாற்றுதல், இசையை நீக்குதல் ஆகியவை தானியங்கி ஒப்பீட்டுக்குப் பிடிபடாமல் தப்பச் செய்யப்படுபவை. தெளிவு குறைந்த காட்சியை மென்பொருள் மூலம் 4கே அளவுக்குப் பெரிதாக்குவதும் உண்டு.

இரண்டாவது வழி, இலவசத் தளங்களிலிருந்து எடுப்பது. பெக்செல்ஸ், பிக்சபே ஆகிய தளங்களில் உள்ள காணொளிகளை எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அவற்றை வேறு இருப்புத் தளங்களில் விற்பனைக்கு வைக்கக் கூடாது என்று அவற்றின் உரிம விதிகள் தடுக்கின்றன. இலவசம் என்பதை உரிமையற்றது என்று பொருள்கொள்வதே இங்கு நிகழும் தவறு.

மூன்றாவது வழி, விற்பனைத் தளத்தில் உரிமம் பெற்று வாங்கியதையே வேறொரு தளத்தில் தன்னுடையதாக மறுபடி விற்பது. உரிமம் பயன்படுத்தும் உரிமையை மட்டுமே தருகிறது. துணுக்கைத் துணுக்காகவே மறுவிற்பனை செய்யும் உரிமையைத் தருவதில்லை.

பரிசோதனை ஏன் தவறவிடுகிறது?

தளங்களின் பரிசோதகர்கள் காட்சி தெளிவாக இருக்கிறதா, நடுங்குகிறதா, வணிகச் சின்னங்கள் தெரிகின்றனவா என்று பார்க்கிறார்கள். அடையாளம் தெரியும் மனிதர் இருந்தால் அவரது ஒப்புதல் படிவம் கேட்கப்படுகிறது. ஆனால் காட்சியை எடுத்தவர் யார் என்பதைக் காட்சியைப் பார்த்து அறிய முடியாது. அதற்குப் பதிவேற்றுபவரின் உறுதிமொழியே ஆதாரமாகிறது.

ஒப்பீட்டு மென்பொருள்கள் பெரும்பாலும் தம்மிடம் ஏற்கெனவே உள்ள சரக்கோடு மட்டுமே புதியதை ஒப்பிடுகின்றன. இதுவரை எந்த இருப்புத் தளத்திலும் வைக்கப்படாத பயணக் காணொளி அவற்றுக்குப் புதியதாகவே தோன்றும். உரிமையாளரும் எளிதில் கண்டுபிடிக்க முடியாது. திருடியவர் தந்த தலைப்பும் குறிச்சொற்களும் வேறாக இருக்கும். மாதிரிக் காட்சியின்மேல் விற்பனைத் தளத்தின் நீர்க்குறி பதிந்திருப்பதால், திருட்டுப் பொருளுக்கு ஒரு முறையான தோற்றமும் கிடைத்துவிடுகிறது.

மொரேல் வழக்கு

ஒருமுறை விநியோகத்துக்குள் நுழைந்த திருட்டை வெளியேற்றுவது எவ்வளவு கடினம் என்பதற்கு டேனியல் மொரேல் வழக்கு சான்று. இது நிழற்படங்கள் தொடர்பானது என்றாலும் நிகழ்ந்த முறை அதுவே. 2010 ஜனவரி 12 அன்று ஹெய்ட்டியில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது அந்நாட்டைச் சேர்ந்த செய்திப் படக்கலைஞரான மொரேல், தாம் எடுத்த படங்களை ட்விட்டர் வழியே வெளியிட்டார். வேறொருவர் அவற்றை நகலெடுத்துத் தன் பெயரில் பதிவிட்டார். ஏ.எஃப்.பி. செய்தி நிறுவனம் அந்த இரண்டாம் நபரின் கணக்கிலிருந்து படங்களை எடுத்து, அவர் பெயரிலேயே வெளியிட்டது. கெட்டி இமேஜஸ் வழியே அவை பல செய்தி நிறுவனங்களுக்குச் சென்றன.

பின்னர் ஏ.எஃப்.பி. பெயரைத் திருத்தியது, படங்களைத் திரும்பப் பெறுமாறும் அறிவித்தது. ஆனால் தவறான பெயரில் ஏற்கெனவே சேர்ந்திருந்த பிரதிகள் கெட்டியின் இருப்பில் தொடர்ந்தன. ட்விட்டரில் வெளியிட்டாலே பிறர் எடுத்துக்கொள்ள அனுமதி தந்ததாகும் என்ற வாதத்தை 2013 ஜனவரியில் நியூயார்க் நீதிமன்றம் ஏற்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில், இரு நிறுவனங்களும் தெரிந்தே மீறின என்று கூறிய நடுவர் குழு, எட்டுப் படங்களுக்கு 12 லட்சம் டாலர் இழப்பீடு அளித்தது. ஒரு படைப்புக்கு 1,50,000 டாலர் என்பது அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் உச்சத் தொகை.

திருட்டு ஆகாதவை

பிறர் எடுத்ததை விற்பது எல்லா இடத்திலும் குற்றமாகாது. நாசாவின் விண்வெளிக் காட்சிகள் பெரும்பாலும் பதிப்புரிமைக்கு உட்படாதவை. அவற்றை விற்பதைப் பதிப்புரிமைச் சட்டம் தடுப்பதில்லை. கேரல் ஹைஸ்மித் என்ற அமெரிக்கப் படக்கலைஞர் தம் படங்களை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குப் பொதுப் பயன்பாட்டுக்காக அளித்திருந்தார். அவருடைய படத்தை அவருடைய இணையதளத்திலேயே பயன்படுத்தியதற்கு 120 டாலர் கட்டுமாறு ஒரு கடிதம் வந்தது. 2016இல் அவர் கெட்டி உள்ளிட்டோர்மீது வழக்குத் தொடுத்தார். படங்களைப் பொதுவுடைமையாக்கியபின் பதிப்புரிமையின் கீழ் உரிமை கோர முடியாது என்ற அடிப்படையில் பதிப்புரிமைக் கோரிக்கைகள் தள்ளுபடியாயின. பொதுவுடைமை, இலவச உரிமம் ஆகிய இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்க வேண்டியதன் தேவையை இவ்வழக்கு காட்டுகிறது.

சட்டப் பாதுகாப்பு

பெர்ன் உடன்படிக்கையின்படி, படைப்பு உருவான கணமே பதிப்புரிமை பிறக்கிறது. பதிவு செய்வது கட்டாயமில்லை. இந்தியா 1928 முதலும் அமெரிக்கா 1989 முதலும் இதில் உறுப்பு நாடுகள். எனவே ஒரு நாட்டில் எடுத்த காணொளிக்கு மற்றதிலும் பாதுகாப்பு உண்டு.

பெரிய இருப்புத் தளங்கள் பல அமெரிக்காவில் இயங்குவதால், அந்நாட்டின் 1998ஆம் ஆண்டு டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமைச் சட்டம் முக்கியமானது. உரிமையாளர் முறையான அறிவிப்பு அனுப்பினால் தளம் துணுக்கை விரைந்து நீக்க வேண்டும். மீண்டும் மீண்டும் மீறுவோரின் கணக்குகளை முடக்கும் நடைமுறையும் இருக்க வேண்டும். இவற்றைச் செய்யும் தளம் பயனர் செய்த மீறலுக்கான இழப்பீட்டிலிருந்து பாதுகாப்புப் பெறலாம். பதிவேற்றியவர் எதிர் அறிவிப்பு அனுப்பினால், 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் துணுக்கை மீண்டும் வைக்க வேண்டும். அதற்குள் உரிமையாளர் வழக்குத் தொடுத்தால் மட்டுமே அது தடைபடும். தானே பரிசோதித்து, விற்று, பங்கும் பெறும் தளத்துக்கு இப்பாதுகாப்பு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது வாதத்துக்குரிய கேள்வியாகவே உள்ளது. பெயரையோ நீர்க்குறியையோ மீறலை மறைக்கும் நோக்கில் நீக்குவது இச்சட்டத்தின்படி தனி மீறல். ஒவ்வொரு மீறலுக்கும் 2,500 முதல் 25,000 டாலர் வரை இழப்பீடு கோரலாம்.

இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் கைப்பேசியில் எடுத்த பத்து வினாடிக் காட்சியும் ‘திரைப்படம்’ என்ற வரையறைக்குள் வருகிறது; வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. தெரிந்தே மீறுவோருக்குப் பிரிவு 63இன்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். 2012இல் சேர்க்கப்பட்ட பிரிவு 65ஆ, உரிமை பற்றிய தகவலை நீக்குவதைக் குற்றமாக்குகிறது.

இச்சட்டத்தின் பிரிவு 17 காணொளிக் கலைஞர்கள் அறிய வேண்டியது. வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து எடுக்கச் செய்த படத்தின் முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவரே. ஆகவே திருமணத்தில் எடுத்த காட்சிகளைக் குடும்பத்தாரைக் கேட்காமல் இருப்புத் தளத்தில் விற்கும் கலைஞரும், தாமே எடுத்ததை விற்றாலும், உரிமை மீறியவராகலாம்.

வாங்கியவரின் நிலை

தன்னிடம் இல்லாத உரிமையைத் திருடியவர் பிறருக்குத் தர முடியாது. எனவே நம்பி வாங்கியவரும் உரிமம் அற்றவராகிறார். உரிமையாளர் அவர்மீதும் நடவடிக்கை எடுக்க முடியும். பல தளங்கள் இத்தகைய இழப்பை ஒரு வரம்பு வரை ஏற்பதாக உரிமத்தில் கூறுகின்றன. மூல உரிமையாளரே குற்றவாளியாகக் காட்டப்படும் நிலையும் வரலாம்: திருட்டுத் துணுக்கைக் கொண்ட படம் யூடியூபின் உள்ளடக்க அடையாள முறையில் பதிவு செய்யப்பட்டால், அவர் சொந்தக் காணொளிக்கே உரிமைக் கோரிக்கை வந்து சேரும்.

துணுக்கை நீக்கினாலும் முன்பே விற்கப்பட்ட பிரதிகள் படங்களிலும் விளம்பரங்களிலும் தங்கிவிடுகின்றன. இருப்புத் தளங்களின் சேமிப்பு இப்போது செயற்கை நுண்ணறிவைப் பயிற்றவும் விற்கப்படுகிறது. ஷட்டர்ஸ்டாக் 2023இல் ஓப்பன் ஏஐ நிறுவனத்துடன் ஆறு ஆண்டு உடன்பாடு செய்தது. பயிற்சியில் கலந்துவிட்ட துணுக்கைப் பிரித்தெடுப்பது இன்னும் கடினம்.

உரிமையாளர் செய்யக்கூடியவை

மெய்ப்பிக்கும் சுமை பெரும்பாலும் இழந்தவர்மேலேயே விழுவதால் ஆதாரங்களைக் காப்பது முதன்மையானது.

1. கேமராவில் பதிவான மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். வெட்டப்பட்ட துணுக்குக்கு முன்னும் பின்னும் உள்ள வினாடிகள் திருடியவரிடம் இருக்காது. உரிமைக்கு இதைவிட வலுவான சான்று அரிது.

2. தனித்துவமான சில காட்சிகளை நிறுத்தி, அவற்றின் படங்களைக் கூகுள், டின்ஐ போன்ற பட வழித் தேடலில் இட்டுப் பார்க்கலாம். இடவலம் திருப்பிய படத்தையும் தேட வேண்டும்.

3. துணுக்கைக் கண்டால், புகார் அனுப்பும் முன் பக்க முகவரி, துணுக்கு எண், விற்பவர் பெயர், தேதி ஆகியவற்றைத் திரைப்பிடிப்பாகச் சேமிக்க வேண்டும். நீக்கப்பட்டபின் இவை கிடைக்காமல் போகலாம்.

4. அதே கணக்கிலுள்ள மற்றத் துணுக்குகளையும், அதே துணுக்கு வேறு தளங்களில் உள்ளதா என்பதையும் பார்ப்பது நல்லது. ஒவ்வொரு தளத்துக்கும் தனி அறிவிப்பு வேண்டும்.

5. இதுவரை நடந்த விற்பனை, செலுத்திய தொகை ஆகிய விவரங்களையும் தளத்திடம் எழுத்து மூலம் கேட்கலாம்.

பதிவேற்றும் நேரத்திலேயே தோற்றத்தைச் சரிபார்க்கும் முயற்சிகளும் நடக்கின்றன. அடோபி, பிபிசி, மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட நிறுவனங்கள் 2021இல் தொடங்கிய சி2பிஏ கூட்டமைப்பு, யார், எப்போது, எந்தக் கருவியில் உருவாக்கினார் என்ற விவரத்தை மறைக்குறி ஒப்பத்துடன் கோப்பில் பதிக்கும் தரத்தை வகுத்துள்ளது. 2023இல் லைக்கா எம்11-பி கேமரா இவ்வசதியுடன் வந்தது. ஆனால் பதிவிறக்கும்போதோ மறுபதிவு செய்யும்போதோ இவ்விவரம் உதிர்ந்துவிடக்கூடும். விற்பனைத் தளங்கள் சந்தேகத்துக்குரிய பதிவேற்றங்களுக்கு மூலக் கோப்பைக் கேட்கத் தொடங்கினால், வெட்டி எடுத்த துணுக்கை மட்டும் வைத்திருப்பவர் அங்கேயே தடுக்கப்படுவார்.