குறிப்பேட்டின் உடைமையாளர் யார்? கட்டற்ற மென்பொருளும் மாணவரின் ஆய்வுழைப்பும்

ஆய்வுழைப்பின் பெரும்பகுதி வாசகர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அச்சேறிய ஒரு கட்டுரையின் பின்னே, படித்த நூல்களின் பட்டியலும் எடுத்தெழுதிய பகுதிகளும் ஓரக்குறிப்புகளும் குவிந்து கிடக்கின்றன. 1850 இற்கும் 1853 இற்கும் இடையில் மார்க்ஸ் இலண்டனில் எழுதி நிரப்பிய குறிப்பேடுகள் மட்டும் 24 ஆகும். 'மூலதனம்' என்னும் பெருநூலின் அத்திவாரங்களுள் அவையும் அடங்கும். தாளுக்கு உரிய விலையைக் கொடுத்தபின், தாள் விற்றவனுக்கு அவ்வேடுகளின் மீது எவ்வுரிமையும் இருக்கவில்லை. இன்று மாணவரின் குறிப்பேடு கணினிக்குள் குடிபுகுந்துள்ளது. எனவே, முன்னர் எழாத வினாவொன்று இப்போது எழுகின்றது: அக்குறிப்பேட்டின் உடைமையாளர் யார்?

இவ்வினாவை ஆராய்வதற்கு முன்னர் ஒரு சொற்றெளிவு வேண்டும். இலவசம், சுதந்திரம் என்னும் இரு பொருள்களையும் ஆங்கிலம் ஒரே சொல்லால் உணர்த்துவதால் அம்மொழியில் இத்துறைபற்றி எழுதுவோர் ஓயாது விளக்கமளிக்க வேண்டியுள்ளது. தமிழில் இவ்விடர் இல்லை. நாம் ஈண்டு பேசுவது கட்டற்ற மென்பொருள் பற்றியாகும். அமெரிக்கரான றிச்சர்ட் ஸ்டோல்மன் 1983 இல் க்னூ திட்டத்தை அறிவித்தார். 1985 இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். 1989 இல் க்னூ பொது உரிமம் வெளிவந்தது. மென்பொருளை எந்நோக்கிற்கும் இயக்குதல், அதன் இயக்கத்தைப் பயின்று மாற்றுதல், பிரதிகளைப் பகிர்தல், மாற்றிய வடிவத்தைப் பரப்புதல் என நான்கு உரிமைகள் இங்கு வலியுறுத்தப்படுகின்றன. விலையின்றித் தரப்படுவனவெல்லாம் இவ்வுரிமைகளைத் தருவன அல்ல.

மாணவருக்கு மிக அணுக்கமான எடுத்துக்காட்டு ஸொட்டேரோ என்னும் மென்பொருளாகும். அமெரிக்காவின் ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்து வரலாற்று ஆய்வு மையமொன்று இதனை 2006 இல் வெளியிட்டது. நூலகப் பட்டியலொன்றையோ ஆய்விதழின் பக்கமொன்றையோ இணையத்தில் பார்க்கும்பொழுது, ஒரு பொத்தானை அழுத்தினால் ஆசிரியர் பெயர், தலைப்பு, ஆண்டு, பதிப்பகம் ஆகிய விபரங்களை அது தானே பதிந்துகொள்ளும். அப்பதிவோடு கட்டுரையின் பிரதியையும் நமது குறிப்புகளையும் இணைத்து வைக்கலாம். ஆய்வேட்டை எழுதும்பொழுது மேற்கோளுக்குரிய இடத்தில் பதிவைச் சுட்டினால் அடிக்குறிப்பும் உசாத்துணைப் பட்டியலும் தாமே அமையும். ஓர் ஆய்விதழின் மரபிலிருந்து இன்னொன்றின் மரபிற்கு முழுப் பட்டியலையும் ஒரே கட்டளையில் மாற்றலாம். இவ்வாறான பாணிக் கோப்புகள் 10,000 இற்கும் மேற்பட்டவை பொதுவில் கிடைக்கின்றன.

நமது மொழிக்குரிய சிக்கலொன்றும் இங்கு கவனிக்கத்தக்கது. மேலைநாட்டு உசாத்துணை மரபு ஒருவரின் பெயரைக் குடும்பப் பெயர், தனிப்பெயர் என இரண்டாகப் பிரிக்கும். க. கைலாசபதி என்னும் பெயரில் முதலெழுத்துத் தந்தைக்குரியது. கைலாசபதி என்பது குடும்பப் பெயரன்று. பெயரைப் பிரிக்காமல் ஒரே கட்டத்தில் எழுத ஸொட்டேரோ இடமளிக்கின்றது. அன்றியும், பாணிக் கோப்புகள் திறந்தவையாதலால் தமிழ் ஆய்விதழொன்றின் மரபிற்கேற்ற பாணியை அறிந்தவர் எவரும் எழுதிச் சேர்க்கலாம். மூடிய மென்பொருளாயின், சிறிய சந்தையொன்றின் தேவைக்கு நிறுவனம் செவிசாய்க்கும்வரை காத்திருக்க வேண்டும்.

உடைமை பற்றிய வினா வெறுங் கோட்பாட்டு வினாவன்று என்பதை இரு நிகழ்ச்சிகள் காட்டும். எண்ட்நோட் என்னும் வணிக மென்பொருளை அந்நாளில் உடைமையாகக் கொண்டிருந்த தொம்சன் ரொய்ட்டர்ஸ் நிறுவனம் 2008 இல் ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் மீது வழக்குத் தொடுத்தது. எண்ட்நோட்டின் பாணிக் கோப்புகளை ஸொட்டேரோவில் பயன்படுத்த வழிசெய்தமையே குற்றச்சாட்டு. வழக்கு 2009 இல் தள்ளுபடி செய்யப்பட்டது. ஒரு நூலின் தலைப்பிற்குப் பின் காற்புள்ளி வருமா, முற்றுப்புள்ளி வருமா என்பதைப் பதிந்துவைக்கும் கோப்பும் தனியுடைமைக்காக வாதிடப்படும் பண்டமாயிற்று.

இரண்டாவது நிகழ்ச்சி மாணவரை நேரடியாகத் தொடுவது. மென்டெலி என்னும் உசாத்துணை மென்பொருள் ஆய்வாளரிடையே பரவியபின், 2013 இல் எல்செவியர் என்னும் ஆய்விதழ்ப் பதிப்பு நிறுவனம் அதனை வாங்கியது. 2018 இல், பயனரின் சொந்தக் கணினியிலுள்ள தரவுத்தளத்தை அம்மென்பொருள் மறைகுறியாக்கத் தொடங்கியது. பாதுகாப்பே காரணம் எனப்பட்டது. விளைவு யாதெனில், பயனர் தம் கையால் திரட்டிய குறிப்புத் தொகுதியைப் பிற மென்பொருள்கள் அங்கிருந்து நேரடியாக வாசிக்க இயலாதாயிற்று. விலையின்றிக் கிடைத்த கருவி, உழைப்பின் விளைபொருளைத் தன்னிடமே தேக்கிவைக்க வல்லதாயிற்று. உழைப்பவனிடமிருந்து அவன் உழைப்பின் விளைவு அந்நியமாதல் பற்றி ஆலையை முன்வைத்தே நாம் பேசிவந்துள்ளோம். படிப்பறையும் அதற்கு விலக்கன்று.

வேறு கருவிகளும் உள. நினைவட்டைகளைக் கொண்டு படிக்க உதவும் அங்கி என்பதும் 2006 இல் தோன்றியது. மறதி ஒரு ஒழுங்கிற்கமைய நிகழ்கின்றது என எபிங்கவுஸ் 1885 இல் வெளியிட்ட ஆய்வின் வழிவந்த முறை அதில் செயற்படுகின்றது: நன்கு நினைவிலுள்ள அட்டை நீண்ட இடைவெளியின் பின்னும், மறந்தது விரைவிலும் மீண்டும் முன்வரும். கட்டுரை எழுதுவதற்கு, 2010 இல் உருவான லிபரே ஒபிஸ் உண்டு. அது பயன்படுத்தும் திறந்த ஆவண வடிவம் 2006 இல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டது. அத்தரம் யாவர்க்கும் வெளிப்படையானதாதலால், ஒரு நிறுவனம் மறைந்தாலும் ஆவணத்தை வாசிக்கும் வழி மறையாது.

எனினும், இக்கருவிகளைச் சமத்துவத்தின் வருகையாகக் கொண்டாடுவது கருத்துமுதல்வாத மயக்கமாகும். ஸொட்டேரோவின் வழங்கியில் 300 மெகாபைற்றுக்கு மேற்பட்ட சேமிப்பிற்குப் பணம் செலுத்த வேண்டும். வழங்கியை இயக்கச் செலவு உண்டு. தன்னார்வலரின் உழைப்பைப் பெருநிறுவனங்கள் தம் இலாபத்திற்குப் பயன்படுத்துகின்றன. உரிமங்களும் அதனைத் தடுப்பதில்லை. சொந்தக் கணினியற்ற மாணவருக்கு மென்பொருளின் சுதந்திரம் எட்டாக் கனியே. இவை யாவற்றிற்கும் மேலாக, நூற்பட்டியலைச் சேர்ப்பது நூலைப் படிப்பதாகாது.

ஆயினும், உற்பத்திச் சாதனம் எவர் கையிலுள்ளது என்னும் வினாவைச் சிறிய அளவிலேனும் நடைமுறையில் எழுப்புவது இவ்வியக்கத்தின் முற்போக்கான கூறாகும். ஒரு கருவியைத் தெரியும் மாணவர் கேட்கவேண்டியது விலையை மட்டுமன்று: நாளை இதனை விட்டு நீங்கினால் எனது குறிப்புகள் முழுமையாக என்னுடன் வருமா? பிற கருவி வாசிக்கும் வடிவில் வருமா? இவ்வினாக்களுக்கு விடையளிக்கக்கூடிய கருவிகளை ஆய்வு முறையியலின் ஒரு பகுதியாக முதலாண்டிலேயே கற்பிப்பது பல்கலைக்கழகத் துறைகளின் கடமையாகும். பொதுப் பணத்தில் பயின்றவரின் ஆய்வுழைப்புத் தனியார் பெட்டகமொன்றினுள் பூட்டப்படாதிருப்பதற்கு அது முதற்படியாக அமையும்.