பன்றியைப் பிடித்த கயிறு

வேட்டை என்றால் ஆண்பிள்ளை சமாசாரம் என்றுதானே நினைக்கிறீர்கள்? பிலிப்பைன்ஸில், லூஸான் தீவின் அக்டா பெண்கள் கேட்டால் சிரிப்பார்கள்! நாய்களை ஏவி, காட்டுப்பன்றியையும் மானையும் வில்லால் வீழ்த்திய அவர்களைப் பற்றி 1981-ல் கிரிஃபின் தம்பதி எழுதினார்கள். கைக்குழந்தைக்காரிகளும் போனார்களாம்!

வில்லுக்கு வைரம் பாய்ந்த பனை இனத்து மரம், நாணுக்கு மரப்பட்டை நார், அம்புக்கு நாணல். இதெல்லாம் யாருக்கும் தோன்றும். சாமர்த்தியம் முனையில் இருக்கிறது. லூஸான் மலைவாசிகளின் பன்றியம்பில் இரும்பு முனையை இறுக்குவதில்லை. தண்டில் செருகி, கயிற்றால் பிணைத்து, கயிற்றைத் தண்டில் சுற்றிவிடுவார்கள். அடிபட்ட பன்றி ஓடுமல்லவா? முனை உடம்பில் தங்கும், கயிறு பிரியும், பின்னால் இழுபடும் தண்டு புதரில் மாட்டிக்கொள்ளும். அப்புறம் பன்றி எங்கே ஓடுவது? கயிறு அறுந்தாலோ, அன்றிரவு பிள்ளைகளுக்குக் கறி கிடையாது!