ஆபரேஷன் முடிந்தது, ஆபத்து முடிந்ததா?

புற்றுநோய்க் கட்டியை டாக்டர் வெட்டி எடுத்துவிட்டார். தையல் ஆறி வருகிறது. நோயாளி வீடு திரும்பிவிட்டார். இனிப் பயம் இல்லை என்று வீட்டார் நினைக்கிறார்கள்.

ஆனால் இந்தச் சமயத்தில்தான் ஓர் ஆபத்து பதுங்கி இருக்கிறது. காலில் உள்ள ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்து போவதே அது.

உறைந்த ரத்தம் எங்கே போகிறது?

கையில் கத்தி பட்டால் ரத்தம் வருகிறது. சிறிது நேரத்தில் உறைந்து நின்றுவிடுகிறது. இது நன்மை. ஆனால் குழாய்க்குள்ளேயே ரத்தம் உறைந்தால் தீமை.

அசுத்த ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டு செல்லும் குழாய்கள் கெண்டைக்காலிலும் தொடையிலும் ஆழமாக ஓடுகின்றன. அங்கே உறைந்த ரத்தத்தில் ஒரு துண்டு பிய்ந்தால், அது இதயத்தின் வழியாக நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளும். அடைப்பு பெரிதானால் உயிருக்கே ஆபத்து. இதை விளக்கிக் காட்டியவர் ஜெர்மனி நாட்டு டாக்டர் ருடால்ப் விர்ச்சோ (1821-1902).

தன் நோயைத் தானே அறிந்தவர்

பாரீஸ் நகரில் அர்மான் துரூசோ என்ற புகழ்பெற்ற டாக்டர் இருந்தார். புற்றுநோய் உள்ளவர்களுக்கு ரத்தம் எளிதில் உறைகிறது என்று 1865-ல் அவர் எடுத்துச் சொன்னார். பின்னர் அவர் உடம்பிலேயே அந்த அறிகுறி தோன்றியது. தமக்கும் புற்றுநோய் என்று அவர் புரிந்துகொண்டார். 1867-ல் இரைப்பைப் புற்றுநோயால் இறந்தார்.

ஆக, புற்றுநோயே ரத்தத்தை உறையத் தூண்டுகிறது. ஆபரேஷனின்போது நோயாளி மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கிறார். ரத்த ஓட்டம் மந்தமாகிறது. குழாய்களிலும் காயம் படுகிறது. எல்லாம் ஒன்று சேர்கின்றன.

பெரிய கீறலா, சிறிய துளையா?

முன்பெல்லாம் வயிற்றை நீளமாகக் கீறித்தான் ஆபரேஷன் செய்வார்கள். இப்போது பல புற்றுநோய்களுக்குச் சிறு துளைகள் போட்டு, கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திச் செய்கிறார்கள். வலி குறைவு. நோயாளி சீக்கிரம் எழுந்து நடக்கிறார். பெருங்குடல் புற்றுநோயில், இப்படிச் செய்துகொண்டவர்களுக்கு ரத்த உறைவு குறைவாகவே காணப்பட்டிருக்கிறது. திடமான நோயாளிகளுக்கே இந்த முறை அதிகம் கையாளப்படுவதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

அதனால் துளை ஆபரேஷனில் ஆபத்தே இல்லை என்று எண்ணக்கூடாது. வயிற்றுக்குள் வாயுவை நிரப்பித்தான் அதைச் செய்கிறார்கள். அந்த வாயு குழாய்களை அழுத்துகிறது. காலில் உள்ள ரத்தம் மேலே ஏறுவது தாமதப்படுகிறது. வெளியே தெரியும் காயம்தான் சிறிது. உள்ளே நடப்பது பெரிய ஆபரேஷன்!

காப்பாற்றும் ஊசி

ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து "ஹெபாரின்". 1916-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவரின் ஆராய்ச்சியில் இது பிறந்தது.

லண்டனில் பணியாற்றிய இந்திய வம்சாவளி டாக்டர் விஜய் கக்கர் தலைமையில், ஆபரேஷன் செய்துகொண்ட 4,000-க்கும் மேற்பட்டவர்களிடம் இந்த ஊசி சோதிக்கப்பட்டது. 1975-ல் முடிவு வெளியாயிற்று. ஊசி போடாதவர்களில் 16 பேர் நுரையீரல் அடைப்பால் இறந்திருந்தார்கள். ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் ஊசி போட்டவர்களில் இறந்தவர் இருவரே!

எத்தனை நாள் போடவேண்டும்? வயிறு, இடுப்புப் பகுதிகளில் புற்றுநோய் ஆபரேஷன் ஆனவர்களைப் பற்றிய ஆராய்ச்சி 2002-ல் வெளிவந்தது. ஏறக்குறைய ஒரு வாரம் மட்டும் ஊசி போட்டவர்களில் 100-க்கு 12 பேருக்கு ரத்தம் உறைந்திருந்தது. 4 வாரம் போட்டவர்களில் 100-க்கு 5 பேருக்குத்தான் உறைந்திருந்தது.

வீட்டார் செய்யவேண்டியது

இந்த ஊசியால் சிலருக்கு ரத்தக் கசிவு ஏற்படலாம். ஆகவே யாருக்கு, எத்தனை நாள் என்பதை டாக்டர்தான் முடிவு செய்வார். அவர் சொன்ன நாள்வரை ஊசியை நிறுத்தக்கூடாது.

"பச்சை உடம்பு, அசையாதே" என்று நோயாளியைப் படுக்கையிலேயே வைத்திருக்கக் கூடாது. டாக்டர் அனுமதித்தபடி நடக்க விடவேண்டும்.

ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, கெண்டைக்கால் வலித்துச் சூடாக இருந்தாலோ, எண்ணெய் தேய்த்து நீவக்கூடாது. அன்றைக்கே டாக்டரிடம் காட்டவேண்டும். திடீரென்று மூச்சுத் திணறினாலும், மார்பு வலித்தாலும், இருமலில் ரத்தம் வந்தாலும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

தையல் ஆறிவிட்டது என்று அலட்சியமாக இருந்துவிடக்கூடாது. ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் வரையாவது, நோயாளியின் காலிலும் ஒரு கண் இருக்கட்டும்!