கூடைப்பந்தைத் தட்டிக்கொண்டே 21 கி.மீ. ஓட முடியுமா? பயிற்சிக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

அரை மாரத்தான் தூரம் 21.0975 கி.மீ. வெறுங்கையோடு அதை ஓடி முடிக்கவே பலருக்கு மாதக்கணக்கில் பயிற்சி தேவைப்படுகிறது. அந்தத் தூரம் முழுக்க ஒரு கூடைப்பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடுபவர்களும் இருக்கிறார்கள். சிலர் கைக்கு ஒன்றாக இரண்டு பந்துகளோடு கிளம்புகிறார்கள். ‘சும்மா வித்தை காட்டுறாங்கப்பா’ என்று கடந்துவிடலாம். ஆனால், இதில் கொஞ்சம் இயற்பியல் இருக்கிறது. சரியாகத் தயாராகாவிட்டால் தோள்பட்டையைப் பதம் பார்க்கும் ஆபத்தும் இருக்கிறது.

எதற்காக இப்படி ஓடுகிறார்கள்?

கூடைப்பந்தைத் தட்டியபடி நீண்ட தூரம் ஓடுவதற்கு கின்னஸ் சாதனைகளில் தனிப் பிரிவே உண்டு. நல்ல காரியத்துக்கு நிதி திரட்டுபவர்கள், கூட்டத்தின் கவனத்தை ஈர்க்க இந்த வழியைப் பிடிக்கிறார்கள். காலேஜில் கூடைப்பந்து ஆடிவிட்டு, வேலைக்குப் போன பிறகு டீமும் கோர்ட்டும் கிடைக்காதவர்களுக்கு, பழைய ஆட்டத்தோடு தொடர்பை விடாமல் இருக்க இதுவும் ஒரு வழி.

இதற்கு ஓர் உறவுமுறை விளையாட்டும் இருக்கிறது. மூன்று பந்துகளை மாற்றி மாற்றித் தூக்கிப்போட்டுப் பிடித்துக்கொண்டே ஓடும் ‘ஜாக்லிங்’தான் அது. கனடாவைச் சேர்ந்த மிக்கல் கப்ரல் 2007-ல் டொராண்டோவில் முழு மாரத்தானையும் இப்படி 2 மணி 50 நிமிடம் 12 விநாடிகளில் ஓடி முடித்தார். பந்து இல்லாமலே அந்த நேரத்தை எட்ட முடியாதவர்கள்தான் அதிகம்.

மொத்தம் எத்தனை தட்டு?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 160 அடி எடுத்து வைக்கிறீர்கள், இரண்டு அடிக்கு ஒரு முறை பந்தைத் தட்டுகிறீர்கள் என்றால், நிமிடத்துக்கு 80 தட்டு. இரண்டரை மணி நேரத்தில் ஓடி முடித்தால் மொத்தம் 12,000 தட்டு. ஆண்கள் ஆடும் 7-ம் எண் பந்தின் எடை சுமார் 600 கிராம். ஒரு தட்டு பெரிய விஷயமில்லை. அதுவே 12,000 முறை என்றால் விரல் நுனி, மணிக்கட்டு, முன்கை, தோள்பட்டை எல்லாமே கணக்கு கேட்கும்.

பந்து ஏன் பின்தங்குகிறது?

கையிலிருந்து இறங்கும்போது பந்தும் உங்கள் வேகத்திலேயே முன்னால் போகிறது. தரையில் படும்போதுதான் சிக்கல். சுழலாமல் வரும் பந்தைத் தரையின் உராய்வு பிடித்துச் சுழல வைக்கிறது. அந்தச் சுழற்சிக்கான ஆற்றல் முன்னோக்கிய வேகத்திலிருந்து போகிறது. உள்ளே காற்று மட்டுமே இருக்கும் பந்து தரையை நன்றாகப் பற்றி எழும்பினால், அந்த வேகத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் வரை இழக்கலாம் என்கிறது எளிய இயற்பியல் கணக்கு.

அதனால்தான் பந்தை நேர் கீழே தட்டினால் அது முதுகுப் பக்கம் போய்விடுகிறது. உள்ளங்கையைப் பந்தின் உச்சியில் வைக்காமல், சற்றுப் பின்பக்கமாக வைத்து முன்னோக்கித் தள்ள வேண்டும். வேகம் கூடக் கூட இந்தத் தள்ளலும் கூட வேண்டும்.

கை வீசாவிட்டால் என்ன ஆகும்?

ஓடும்போது கால்கள் உடலை ஒரு பக்கம் திருப்ப, கைவீச்சு அதைச் சமன்செய்கிறது. கிறிஸ்டோபர் அரெல்லானோ, ரோட்ஜர் கிராம் ஆகியோர் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடியபோது ஆற்றல் செலவு 3 சதவீதம் கூடியது. மார்பின் மேல் கட்டியபோது 9 சதவீதமும், தலையில் வைத்தபோது 13 சதவீதமும் கூடியது. அந்தச் சோதனையில் பந்து இல்லை. ஆனாலும், கைவீச்சை விட்டுக்கொடுத்தால் ஓட்டம் கூடுதல் செலவு வைக்கும் என்பது தெளிவு. எனவே, வழக்கமான வேகத்தையே இலக்காக வைத்துக்கொண்டால் பாதி வழியிலேயே மூச்சு வாங்கும்.

பயிற்சியை எங்கே தொடங்குவது?

* பந்து இல்லாமல் 10 கி.மீ. சிரமமின்றி ஓடப் பழகிய பிறகே பந்தைத் தொடுங்கள்.

* முதலில் நடந்துகொண்டே தட்டுங்கள். பார்வை பந்தில் இல்லாமல் பாதையில் இருக்க வேண்டும். குனிந்தே ஓடினால் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

* வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பந்தோடு 15 நிமிடம் ஓடுங்கள். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். மற்ற நாட்களில் சாதாரண ஓட்டம் போதும்.

* ஒரே கையில் தட்டாதீர்கள். கிலோமீட்டருக்கு ஒரு முறையாவது கை மாற்றுங்கள். பழக்கமில்லாத கைக்குத்தான் அதிகப் பயிற்சி தேவை.

* இரண்டு பந்து ஆசை இருந்தால், ஒரு பந்தோடு 15 கி.மீ. தாண்டிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எந்தப் பந்து, எந்தப் பாதை?

தார்ச்சாலையில் தோல் பந்து சீக்கிரம் தேய்ந்துவிடும். ரப்பர் பந்தே நல்லது. காற்றழுத்தம் 7.5 முதல் 8.5 பிஎஸ்ஐ வரை இருந்தால் பந்து நன்றாக எழும்பும். 25 டிகிரி வெப்பத்தில் 8 பிஎஸ்ஐ அடித்த பந்து, 40 டிகிரிக்குச் சூடானால் 9-ஐத் தொட்டுவிடும். எழும்பும் உயரம் மாறினால் உங்கள் தாளமும் தப்பும். எனவே, ஓடப்போகும் நேரத்திலேயே பயிற்சி எடுப்பது நல்லது.

சாலையின் ஓரச்சரிவு, ஜல்லி, பாதாளச் சாக்கடை மூடி, வேகத்தடை எல்லாமே பந்தைத் திசை திருப்பும். வாகனங்கள் ஓடும் சாலையில் பயிற்சி வேண்டவே வேண்டாம். பந்து ஓடினால், அதன் பின்னால் நீங்களும் யோசிக்காமல் ஓடுவீர்கள். மைதானம், பூங்கா நடைபாதை போன்ற இடங்களே பாதுகாப்பானவை.

போட்டி நாளில் என்ன செய்வது?

பந்துக்கு அனுமதி உண்டா என்று பதிவு செய்யும்போதே அமைப்பாளர்களிடம் கேட்டுவிடுங்கள். கூட்டத்தின் நடுவில் பந்து கைநழுவினால் தடுக்கி விழப்போவது நீங்கள் அல்ல, உங்கள் பின்னால் வருபவர். பல மாதம் பயிற்சி எடுத்து வந்த ஒருவரின் ஓட்டம் உங்கள் பந்தால் முடிந்துவிடக் கூடாது. கடைசி வரிசையிலிருந்து கிளம்புங்கள், ஓரமாக ஓடுங்கள். தண்ணீர் தரும் இடத்தில் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நின்று நிதானமாகக் குடியுங்கள். வியர்வைக் கை வழுக்கும் என்பதால், இடுப்பில் ஒரு சிறு துண்டு இருக்கட்டும்.

மணிக்கட்டிலோ தோளிலோ வலி மறுநாளும் தொடர்ந்தால் பந்துக்கு ஓய்வு கொடுங்கள். கால்கள் தயாராக இருந்தாலும் கை தயாராகவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். வலி குறையவில்லை என்றால் மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பாருங்கள்.