பணம் வந்துவிட்டது; அனலிட்டிக்ஸில் ஏன் காணோம்?

ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் உள்ள ஒரு சேலைக் கடை இணையத்திலும் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வங்கிக் கணக்கில் 10 ஆர்டருக்குப் பணம் ஏறியிருக்கிறது. கூகுள் அனலிட்டிக்ஸ் 7 என்கிறது. மீதி 3 எங்கே?

ஏன்?

மலேசியாவில் பலரும் எஃப்பிஎக்ஸ் என்ற இணைய வங்கிக் கட்டண முறை வழியாகப் பணம் கட்டுகிறார்கள். அப்போது வாங்குபவர் கடைத் தளத்தை விட்டு வங்கித் தளத்துக்குப் போய், பணம் கட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். விற்பனையைப் பதிவுசெய்யும் நிரல்துண்டு பெரும்பாலும் கடைசி 'நன்றி' பக்கத்தில்தான் இருக்கும். பணம் கட்டியதும் ஜன்னலை மூடிவிட்டால் அந்தப் பக்கம் திறக்காது, விற்பனையும் பதிவாகாது. விளம்பரத் தடுப்பான்களும் பதிவை மறிக்கலாம்.

திரும்பி வருபவர்களிடமும் ஒரு குழப்பம் உண்டு. அவர்கள் வங்கித் தளத்திலிருந்து வருவதால், விளம்பரம் பிடித்துத் தந்த விற்பனையின் பெருமை வங்கிக்குப் போய்விடும்.

எப்படிச் சரிசெய்வது?

வங்கி, கட்டண வாயில் முகவரிகளை அனலிட்டிக்ஸின் 'வேண்டாத பரிந்துரைகள்' பட்டியலில் சேருங்கள். ஒவ்வொரு விற்பனையோடும் ஆர்டர் எண்ணை அனுப்புங்கள். அப்போது ஒருவர் நன்றிப் பக்கத்தை மறுபடி திறந்தாலும் அனலிட்டிக்ஸ் அதே விற்பனையை இரட்டிப்பாக எண்ணாது. தொகையோடு, ரிங்கிட்டைக் குறிக்கும் 'எம்ஒய்ஆர்' என்ற நாணயக் குறியீடும் போகட்டும். அது இல்லாவிட்டால் வருமானக் கணக்கு பிசகும்.

பிறகு அனலிட்டிக்ஸின் சோதனைத் திரையான டீபக்வியூவைத் திறந்து வைத்துக்கொண்டு நீங்களே ஒரு ஆர்டர் போட்டுப் பாருங்கள். அப்படியும் இடைவெளி குறையவில்லையென்றால், கட்டணம் உறுதியானதும் கடையின் சர்வரே பதிவை அனுப்பும்படி செய்வதுதான் வழி. எதுவானாலும் வரவு செலவுக்கு வங்கிக் கணக்குதான் ஆதாரம். எந்த விளம்பரம் பலன் தருகிறது என்று பார்க்கத்தான் அனலிட்டிக்ஸ்.